உயிர்ப்பாறையோடு வந்து சேர்ந்த உயிர்கள்: எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை வெளியேற்றுவது

புதிய கடல்நீர்த் தொட்டியில் லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறைகளை அடுக்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும் நிலையில், இரவில் முள்மயிர் அடர்ந்த இளஞ்சிவப்புப் புழு ஒன்று இடுக்கிலிருந்து நீண்டு வந்ததாகவும், பாறையின் ஓரத்தில் பழுப்பு நிறக் கண்ணாடிப் பூப் போல ஏதோ ஒன்று முளைத்திருப்பதாகவும், விளக்கை அணைத்த பின் தொட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓசை கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாறைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

எந்த நிலையிலும் உயிர்ப்பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். இது ஒன்றுதான் அவசரம். உயிர்ப்பாறையில் சோயாந்திட் வகைப் பொத்தான் பாலிப்புகள் (பவளத்துக்கு உறவான, சிறு பூப் போன்ற உயிர்கள்) ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். அவற்றுள் பாலித்தோவா இனத்தைச் சேர்ந்த சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்த் தீவுகளின் பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. கொதிநீரின் வெப்பத்துக்கும் அது எளிதில் சிதைவதில்லை. பாறையைக் கொதிக்க வைத்தாலோ, கொதிநீரை ஊற்றித் தேய்த்தாலோ, அழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவினாலோ அது நுண்துளிகளோடு காற்றில் கலந்து மூச்சுக்குள் போகும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றோடு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தொட்டியில் அமைதியாக இருக்கும் பாலிப்பு எவரையும் தாக்குவதில்லை. அதை வெட்டுவதும் சுரண்டுவதும் சூடாக்குவதுமே ஆபத்து. ஆகவே பாறையைக் கையாளும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்; கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

ஆபத்து ஒருபுறம் இருக்க, கொதிக்க வைப்பதால் நீங்கள் இழக்கப் போவது என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். உயிர்ப்பாறை என்பது இறந்துபோன பவளங்களின் சுண்ணாம்புக் கூடு. அதன் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்த வேலைக்காகத்தான் நாம் பாறையையே வாங்குகிறோம். அதே துளைகளில் புழுக்களும் நத்தைகளும் கடற்பஞ்சுகளும் சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளும் குடியிருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும் வழி கிடையாது. கொதித்த பாறையில் எஞ்சுவது வெறும் சுண்ணாம்பும், துளைகளுக்குள் வெந்து அழுகக் காத்திருக்கும் சதையும்தான். அதைத் தொட்டியில் திரும்ப வைத்தால் அம்மோனியா ஏறும், இந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைபெறும் முழுச் சுழற்சியையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பூச்சி எதுவும் இல்லாத பாறைதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே உலர்ந்த பாறையை வாங்கி, பாக்டீரியாவை மட்டும் சேர்த்து, பொறுமையாகச் சுழற்சியை நடத்துவது நேர்மையான வழி. அதில் தவறில்லை. ஆனால் உயிர்ப்பாறையை வாங்கியான பிறகு அதை உலர்ந்த பாறையாக மாற்ற முயல்வதில் பயனில்லை.

இப்போது உங்கள் தொட்டியில் மீன் இல்லை, பவளம் இல்லை. இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது. எந்த விலங்கு எங்கே ஒளிகிறது, எதைத் தின்கிறது என்று பார்த்து முடிவெடுக்க உங்களுக்குச் சில வாரங்கள் கையில் இருக்கின்றன. அதற்குள் இழப்பதற்குத் தொட்டியில் ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு பாருங்கள். முதுகெலும்பற்ற கடலுயிர்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது என்பதால் அவை ஓடி ஒளிவதில்லை. பார்த்ததைப் படமெடுங்கள், எந்தப் பாறை, எந்தத் துளை என்று குறித்து வையுங்கள். தோற்றத்தை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம். அருவருப்பான தோற்றம் கொண்டவற்றில் பெரும்பாலானவை தொட்டிக்கு உழைப்பவை. அழகாகத் தோன்றுபவற்றில் சில தொட்டியையே ஆக்கிரமிப்பவை. உங்கள் புழுவும் உங்கள் கண்ணாடிப் பூவும் இதற்குச் சரியான எடுத்துக்காட்டுகள்.

முதலில் புழு. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது பிரிஸ்டில் வோர்ம் எனப்படும் முள்மயிர்ப் புழுக்களில் சாதாரணமான ஒன்று. உடல் நெடுக வளையம் வளையமான கண்டங்கள், ஒவ்வொரு கண்டத்தின் இருபுறமும் வெண்மயிர்க் கற்றை, இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் கலந்த நிறம் என்பவை அதன் அடையாளங்கள். மீன் தின்னாமல் விட்ட உணவு, கழிவு, அழுகும் பாசி, பாறைக்குள் நம் கண்ணில் படாமல் செத்துக் கிடக்கும் நத்தை எல்லாம் அதற்கு உணவு. நாமும் நம் கருவிகளும் எட்ட முடியாத இடுக்குகளுக்குள் அது போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருகிறது. காலையில் செத்த மீனின் மேல் இப்புழுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டு, இவைதான் கொன்றன என்று பலர் பழி சுமத்துகிறார்கள். நோயாலோ சண்டையாலோ இறந்த மீனை அகற்ற வந்தவை அவை; அவை வராதிருந்தால் அந்த மீன் அழுகி மற்ற மீன்களையும் பாதித்திருக்கும். இவற்றின் எண்ணிக்கை பெருகினால் நீங்கள் கவனிக்க வேண்டியது புழுவை அல்ல, நீங்கள் இடும் உணவின் அளவை. உணவைக் குறைத்தால் அவையும் தாமாகக் குறையும்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த மயிர்கள் தோலில் ஏறி ஒடிந்து, எரிச்சலும் வீக்கமும் தரும். ஏறிவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி மெதுவாக உரித்தால் பெரும்பாலானவை வந்துவிடும், பின் வினிகரால் நனைத்தால் எரிச்சல் தணியும். வீக்கம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடுக்கியால் பிடிக்கும்போது புழுவைத் துண்டாக்கவும் வேண்டாம். தொட்டிகளில் அடிக்கடி காணப்படும் யூரித்தோயி இனப் புழு, துண்டங்களிலிருந்து புதிய புழுக்களாக வளரக்கூடியது.

இந்தக் குடும்பத்தில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது ஹெர்மோடைசி என்ற நெருப்புப் புழு. அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் இது பவளத்தையும் கடற்சாமந்தியையும் தின்பது. தலையில் மடிப்பு மடிப்பான சதைக் கொண்டையும், ஒவ்வொரு கண்டத்திலும் செம்பழுப்புச் செவுள் புதரும், சாதாரணப் புழுவைவிடத் தடித்த உடலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். இது எல்லாப் பாறையிலும் வருவதில்லை.

அதைவிடத் தந்திரமானவை யூனிசிட் வகைப் புழுக்கள். வெளிச்சம் படும்போது உடலில் வானவில் போன்ற மினுமினுப்பு, தலையில் ஐந்து உணர்கொம்புகள், வாய்க்குள் மறைந்திருக்கும் தாடைகள் ஆகியவை அடையாளம். சிறியவை பாசியையும் கழிவையும் தின்றுகொண்டு தீங்கின்றி வாழும். பெருத்தவைதான் சிக்கல். பாபிட் வோர்ம் என்ற பெயரில் பலருக்கும் அறிமுகமான யூனிசி அஃப்ரோடிடோயிஸ் இந்த வகைதான். 2009இல் ஜப்பானின் ஷிரஹாமா அருகே, துறைமுகத் தெப்பம் ஒன்றின் மிதவைக்குள் வாழ்ந்துகொண்டிருந்த ஒன்றை அளந்தபோது 299 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகீ நகரத்துக் காட்சியகத்தில், பவளங்கள் ஏன் சேதமாகின்றன என்று தேடித் தேடித் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட புழு ஒன்று பாறைகளுக்குள் வளர்ந்திருந்தது தெரியவந்தது. நாள்தோறும் பலர் கண்காணிக்கும் இடத்திலேயே அது அவ்வளவு காலம் மறைந்திருந்தது என்பதால்தான் தொடக்க வாரங்களின் இரவுக் கண்காணிப்பை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மினுமினுப்பான தடித்த புழுவைக் கண்டால் அதை இழுக்க முயலாமல், அது குடியிருக்கும் பாறையையே தனி வாளிக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கண்ணாடிப் பூ. மெல்லிய தண்டு, நீண்டு கூர்ந்த உணர்கொம்புகள், ஒளி ஊடுருவும் பழுப்பு நிறம், நிழல் பட்டாலே சட்டென்று துளைக்குள் சுருங்கும் பழக்கம் என்று நீங்கள் விவரிக்கும் எல்லாம் ஐப்டேசியா என்ற கடற்சாமந்தியைத்தான் காட்டுகின்றன. ஒரே ஒரு ஐயம் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். உணர்கொம்புகள் இறகு போலக் கிளைத்திருந்து, கீழே குழாய் ஒன்று தெரிந்தால் அது விசிறிப் புழு. நீரை வடிகட்டி உண்ணும் தீங்கற்ற உயிர். உணர்கொம்புகள் கிளைக்காமல் நூல் போல இருந்தால் ஐப்டேசியாவேதான்.

மூன்றில் நீங்கள் இன்றே கவனிக்க வேண்டியது இதைத்தான். அருகில் இருக்கும் பவளங்களைக் கொட்டும், மீன் உணவில் மிஞ்சும் துணுக்குகளில் செழிக்கும், ஒன்று பல ஆகும். இதைக் கத்தியால் வெட்டுவதும் சுரண்டுவதும் நீங்களே விதைத்துவிடுவதற்குச் சமம். அடிப்பாதத்தின் மிகச் சிறிய துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தாலும் அதிலிருந்து புதியது முளைக்கும். ஓரிரண்டுதான் இருக்கிறது என்றால், சுண்ணாம்புப் பொடியான கால்சியம் ஹைட்ராக்சைடைச் சிறிது நீரில் கெட்டியாகக் குழைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அது சுருங்குவதற்குள் அதன் வாய்ப்பகுதியில் வைத்துத் துளையையும் மூடிவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நீரின் காரத்தன்மை திடீரென்று ஏறிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்தப் பாறை சிறியதாக இருந்தால், அதை எடுத்துத் தனியே உலரவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

பரவிவிட்ட பிறகு சிரிஞ்சும் சுண்ணாம்பும் போதாது; இயற்கை எதிரிகளை நாட வேண்டும். பெப்பர்மின்ட் இறால் பல தொட்டிகளில் நன்றாக வேலை செய்கிறது, சிலவற்றில் திரும்பியும் பார்ப்பதில்லை. வாங்கும்போது கவனியுங்கள்: கூன் விழுந்த முதுகும், தடித்த வெண்கோடுகளும், மேலும் கீழும் அசையும் கொம்பு மூக்கும் கொண்ட ஒட்டக இறாலை அதே பெயரில் விற்றுவிடுவதுண்டு, அது பவளப் பாலிப்புகளையே தின்னும். பெர்கியா என்ற கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது. மெதுவாக வேலை தொடங்கும், ஆனால் முட்டையிட்டுப் பெருகியதும் தொட்டியையே துடைத்துவிடும். உணவு தீர்ந்ததும் அவை பட்டினியால் இறக்கும் என்பதால், அதற்கு முன்பே பிடித்து, தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது அந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம். செப்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீனும் ஐப்டேசியாவைத் தின்னும். ஆனால் அடைத்த சூழலில் உணவெடுக்காமல் மெலிந்து சாகும் மீன்களில் அதுவும் ஒன்று, புதிய தொட்டிக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி அந்த ஓசை. கடலில் இப்படிச் சொடுக்குபவை இரண்டு: பிஸ்டல் இறால், மாண்டிஸ் இறால். பிஸ்டல் இறாலின் ஒரு நகம் மற்றதைவிட மிகப் பெரியது. அதை மூடும் வேகத்தில் நீரில் ஒரு வெற்றிடக் குமிழி உண்டாகிறது, அந்தக் குமிழி உடையும்போது எழும் ஒலிதான் நம் காதில் விழுவது. சிறு இரைகளை அதிர்ச்சியால் மயக்க அதைப் பயன்படுத்துமே தவிர, பெரிய மீன்களைத் தேடிப் போய் வேட்டையாடுவதில்லை. அதன் சில இனங்கள் கோபி மீன்களோடு ஒரே வளையில் கூட்டு வாழ்க்கை நடத்துபவை. மாண்டிஸ் இறால் வேறு மாதிரி. மடித்து வைத்திருக்கும் முன்காலை விசிறி அடிப்பது அதன் முறை; மயில் மாண்டிஸ் இறாலின் அடியை அளந்தபோது வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை இருந்தது. நத்தை ஓட்டையும் நண்டின் ஓட்டையும் அது அடித்தே உடைக்கும்.

ஓசையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். பொதுவாக, இடைவெளி விட்டு ஒற்றைச் சொடுக்காகக் கேட்டால் பிஸ்டல் இறாலாகவும், கல்லில் தட்டுவது போலத் தொடர்ந்து சில அடிகள் கேட்டால் மாண்டிஸ் இறாலாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்யத் தடயங்களைத் தேடுங்கள். மணலில் உடைந்த ஓட்டுத் துண்டுகள், காணாமல் போகும் நத்தைகள், தண்டில் நின்று தனித்தனியே சுழலும் இரு கண்கள் துளை வாயிலில் தெரிவது ஆகியவை மாண்டிஸ் இறாலின் அடையாளம். உயிர்ப்பாறையில் வருபவை பெரும்பாலும் விரலளவே இருக்கும். தொட்டிக் கண்ணாடி உடைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கை விரலைக் காயப்படுத்த அந்த அளவே போதும். மீனும் இறாலும் வரப்போகும் தொட்டியில் அதை விட்டுவைக்க முடியாது.

வெளியேற்றும் வழி இது. ஓசை வரும் பாறையைக் கண்டறிந்ததும் அதை எடுத்து, தொட்டி நீரின் அதே வெப்பத்தில், வழக்கமான 1.025 ஒப்படர்த்திக்கு (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) பதிலாக 1.035 முதல் 1.040 வரை உப்பேற்றிய கடல்நீர் உள்ள வாளியில் ஓரிரு நிமிடம் முக்குங்கள். நண்டும் இறாலும் மாண்டிஸும் பொறுக்க முடியாமல் வெளியே குதிக்கும். பாக்டீரியாக்களுக்கு அவ்வளவு குறுகிய நேரத்தில் பெரிய சேதம் நேராது. முன்பே பார்த்துப் பாறையில் கடற்பஞ்சு இருந்தால் அதைக் காற்றில் நீண்ட நேரம் வைத்திருக்காதீர்கள். அதன் கால்வாய்களில் காற்று அடைத்துக்கொண்டால் அது மெல்ல அழியும். பாறையை எடுக்கவே முடியாத அடுக்காக இருந்தால் இரவில் இறால் துண்டு வைத்த போத்தல் பொறி உதவும். பிடித்ததைக் கொல்லாதீர்கள். மாண்டிஸ் இறாலை மட்டுமே சிறு தொட்டியில் வைத்து ஆசையோடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கண்ணமைப்பும் நடத்தையும் அந்த உழைப்புக்குத் தகுதியானவை. கடலில் மட்டும் விடக் கூடாது. வேறு கடலிலிருந்து வந்த உயிரை இன்னொரு கடலில் சேர்ப்பது பெருந்தீங்கு.

நண்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இன்னும் சில நாளில் கேட்பீர்கள். நக நுனியைப் பாருங்கள். கரண்டி போல மழுங்கியிருந்தால் பாசி சுரண்டுவது. கூராகவும் கறுத்தும் இருந்து, உடலெல்லாம் மயிர் அடர்ந்திருந்தால் சதை தின்பது, வெளியேற்றுங்கள். கிளைப் பவளத்துக்குள் வாழும் மழமழப்பான டிரபீசியா நண்டு விதிவிலக்கு. முட்கிரீட நட்சத்திர மீனையே விரட்டித் தன் பவளத்தைக் காக்கும் உயிர் அது. பவளம் உயிரோடு இருக்கும்வரை அதை அப்படியே விடுங்கள்.

கண்ணாடியில் ஊரும் மற்ற சிறு உயிர்களில் பெரும்பாலானவை நல்லவை. காதுமடல் போல ஓடு சிறுத்து உடல் பெருத்த ஸ்டொமடெல்லா நத்தை, ஓடு பல தகடுகளாக ஒட்டிக் கிடக்கும் கைட்டன், கைகளை இடுக்கிலிருந்து நீட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார், தூசு போலத் துள்ளும் நுண் ஓட்டுயிரிகளான கோப்பிபாடுகள் எல்லாமே பேறு என்று கொள்ளலாம். கோப்பிபாடு பெருகிய தொட்டியில்தான் மாண்டரின் போன்ற மீன்களுக்கு உணவு உண்டு. கைகள் சமமில்லாமல் வெள்ளை நிறத்தில் நகரும் சிறு ஆஸ்டெரினா நட்சத்திரம், பிளந்து பிளந்து பெருகும். பெரும்பாலும் பாசிப் படலத்தையே தின்னும், சில மட்டும் சோயாந்திட்டின் மேல் ஏறும். ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகு அகற்றினால் போதும். ஆனால் வளைந்த வெண்குழாயில் வாழ்ந்து சளி வலையை வீசும் வெர்மெடிட் நத்தை பவளங்களுக்குத் தொல்லை; குழாய் வாயை உடைத்தோ, பசையால் அடைத்தோ இப்போதே தடுத்துவிடுங்கள். கூம்பு வடிவ ஓட்டில் அழகிய கோலமிட்ட நத்தை கண்ணில் பட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கையால் எடுக்காதீர்கள். கூம்பு நத்தைகளின் கொடுக்கு மனிதரையும் கொல்லவல்லது. அரிதாகத்தான் வரும், ஆயினும் நீண்ட இடுக்கியே பாதுகாப்பு.

பாசியில் பச்சை மணி போன்ற வலோனியாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மணியும் ஒற்றைச் செல். உள்ளே உடைத்தால் அது பரவக்கூடும் என்பதால் பாறையை வெளியே எடுத்து, மணியை முழுதாகக் கிள்ளி எடுத்துவிட்டு, கடல்நீரில் அலசி உள்ளே வையுங்கள்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத பயணி ஒன்று உண்டு. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகாரியோன் ஒட்டுண்ணி, தன் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு கட்டத்தில் மீனை விட்டு இறங்கிப் பாறை போன்ற கடினப் பரப்புகளில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. பாறை வேறொருவரின் மீன் தொட்டியிலோ, மீன்களோடு நீர் பகிரும் விற்பனைத் தொட்டியிலோ இருந்து வந்திருந்தால் அந்தக் கூடுகளும் உடன் வந்திருக்கலாம். கூடுகளிலிருந்து குஞ்சுகள் வெளிவர 72 நாள்வரை ஆனது பதிவாகியிருப்பதால், கவனமான வளர்ப்பாளர்கள் 76 நாள் மீனின்றி விடுகிறார்கள். குஞ்சுக்கு மீன் கிடைக்காவிட்டால் அது ஓரிரு நாளிலேயே இறந்துவிடும். நத்தை, இறால், பவளம் எவற்றையும் இந்த ஒட்டுண்ணி தாக்குவதில்லை என்பதால், மீனில்லாத தொட்டியிலிருந்து வந்தவையானால் அந்த நாட்களில் அவற்றைத் தொட்டியில் சேர்க்கலாம். உங்கள் பாறை எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள்; மீன் இருந்த தொட்டியென்றால் பாறை வைத்த நாளிலிருந்து கணக்கிட்டு அத்தனை நாளும் பொறுத்திருங்கள், வாங்கப் போகும் முதல் மீனை அதற்குள் வேறொரு சிறு தொட்டியில் தனித்து வைத்துக் கவனிக்கலாம்.